முதலாளி முகம்

செங்கல்வராயன் சாகும்போது பார்ப்பதற்கு முதலாளி மாதிரி இருந்தார். வாழ்நாளில் பெரும்பகுதி தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஓரம் நின்று, நீளக் கழியால் தோலைப் புரட்டிப் போட்ட மனுஷன். முப்பத்தைந்து வயதுவரை விறகுக் குச்சியாக இருந்தவருக்கு, அதன் பிறகு முகம் மட்டும் தனியாகச் செழிக்க ஆரம்பித்தது. கன்னம் உப்பியது. தாடையும் கழுத்தும் ஒன்றாயின. கடைசியில் பள்ளிக்கூடத்துக் காம்பஸ் வைத்துப் போட்டது போல வட்டமாக வந்து நின்றது. நிறம் சிவந்தது. தொப்பை விழுந்தது. பிடரியில் காளையின் திமில் மாதிரி ஒரு சதை ஏறியது. கையும் காலும் மட்டும் பழைய சம்பளத்திலேயே இருந்தன.

ஆம்பூரில் இதை வியாதி என்று யாரும் சொல்லவில்லை. ஆள் தேறிவிட்டார் என்றார்கள். மெட்ராஸிலிருந்து தோல் பார்க்க வரும் ஏஜெண்டுகள் காரைவிட்டு இறங்கியதும் நேராக அவரிடம் போய்க் கும்பிட்டார்கள். பக்கத்தில் ஒடிசலாக நின்றிருந்த நிஜ முதலாளியிடம் பையைக் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்கள். முதலாளி விவரமானவர். கோபப்படாமல் செங்கல்வராயனுக்கு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்து, மேஸ்திரியாக்கி, கேட் அருகே நிற்க வைத்துவிட்டார். சுண்ணாம்புக் குழியிலிருந்து ஒருவனை மேலே தூக்கிவிட்ட ஒரே நோய் இந்த வட்டாரத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

மேஸ்திரியான சந்தோஷத்தில் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதிக காலம் இல்லை. ஒருநாள் தண்ணீர் வாளியைத் தூக்கியவர் தூக்கியபடியே முதுகெலும்பு நொறுங்கி உட்கார்ந்தார். படுக்கையில் புண் வந்தது, ஆறவில்லை, காய்ச்சல் வந்தது, இறங்கவில்லை. நல்லா வாழ்ந்தவன் மேல் ஊர்க் கண் பட்டுவிட்டது என்று முடிவாயிற்று. பூசணிக்காய் வாங்கி வந்து சுற்றி உடைத்தார்கள். பூசணிக்காய்க்கும் அவர் முகத்துக்கும் அந்தச் சமயம் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒரு பையன் சொல்லி அடி வாங்கினான்.

அந்தப் பையன் அவர் மகன் ராஜகோபால்தான்.

இதெல்லாம் பழைய கதை. எண்பத்திமூன்றாம் வருஷத்துக் கோடையில் ராஜகோபாலுக்கு இருபத்தாறு வயது. அப்பா வேலை செய்த ஷாப்பிலேயே டிரம் ஓட்டும் ஆள். வீடு அளவுக்கு இருக்கிற மரப் பீப்பாய்க்குள் தோலையும் குரோம் தண்ணீரையும் கொட்டி மூடி, அது உருளுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே வெள்ளையாகப் போன தோல் சாயங்காலம் பச்சையும் நீலமுமாக வெளியே வரும். தைமாதம் கல்யாணமானவன். பெண்டாட்டி சுந்தரி குடியாத்தத்துக்காரி. அவள் வீட்டில் லுங்கி நெய்கிற தறிகள் ஓடின. தறி ஓடுகிற வீட்டுப் பெண்ணைத் தோல் ஷாப்பு ஆளுக்குக் கொடுத்ததில் குடியாத்தத்துக்கு வருத்தமிருந்தது. அதை அவர்கள் மாப்பிள்ளையின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பாக ஊற்றிக் காட்டிக்கொண்டார்கள்.

அவனுடைய அக்கா பங்கஜம் வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கும் முப்பத்தைந்தில் முகம் உருண்டு திரண்டது. மாமியார் வீட்டில் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். மருமகளைக் கஞ்சி ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாதே. மேலுதட்டில் பூனைமயிர் கறுத்தபோது மஞ்சள் பூசச் சொன்னார்கள். மாதாமாதம் வருகிற தூரம் நின்றபோது பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று இனிப்பு கொடுத்தார்கள். வயிற்றில் ஊதா நிறத்தில் கோடு கோடாக விழுந்தபோது அந்த நினைப்பு இன்னும் பலப்பட்டது. பிள்ளை மட்டும் வரவேயில்லை. பங்குனியில் ஒருநாள் மிளகாய் வறுக்கும்போது தும்மினாள். விலா எலும்பு முறிந்தது.

தும்மலுக்கு எலும்பு முறிந்தால் அது பெருமைக் கணக்கில் வராது. புருஷன் தனகோடி அவளை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே முதலில் போலீஸ் விசாரணைதான் நடந்தது. யார் மாத்திரை கொடுத்தது, வீசிங்குக்கா, மூட்டுவலிக்கா, சதை போடவா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அந்த மாதிரி மாத்திரையைக் கண்டபடி தின்றாலும் இப்படி முகம் ஊதுமாம். பங்கஜம் கஷாயம் தவிர ஒன்றும் குடித்ததில்லை என்று சத்தியம் செய்தாள். தனகோடி ஊருக்குப் போய்க் கஷாய பாட்டிலை எடுத்து வந்தான். அதில் சுக்கு மட்டும்தான் இருந்தது. பிறகு ரத்தம், எக்ஸ்ரே, ஒருநாள் முழுக்க மூத்திரம் என்று எடுத்து, கடைசியில் ஒரு மலையாளத்து டாக்டரம்மா கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயது. குரல் உயராது. அது இன்னும் பயமாக இருந்தது.

குடும்பத்தில் வேறு யாராவது இப்படி இருந்தார்களா என்று அவள் கேட்டாள். யாரும் இல்லை என்றாள் பங்கஜம். அப்பா எப்படி இருப்பார் என்றாள் டாக்டரம்மா.

"எங்கப்பாவா. அவரு ஜம்முனு இருப்பாருங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள்.

மறுநாள் ராஜகோபால் சுவரிலிருந்த அப்பாவைக் கழற்றி லுங்கியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனான். வார்டில் துணியைப் பிரித்ததும், சந்தனமாலையும் குங்குமமுமாக ஒரு படம் வெளியே வருவதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் கிழவி, பங்கஜம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்து ஒப்பாரியை எடுத்துவிட்டாள். பங்கஜமே எழுந்து உட்கார்ந்து, நான் இங்கதான் இருக்கிறேன் பாட்டி என்று சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பங்கஜத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி ராஜகோபாலைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஷாப்பில் செலக்ஷன் மேஜையில் தோலை விரித்துப் போட்டு, எங்கே ஓட்டை, எங்கே தழும்பு என்று பார்ப்பார்களே, அப்படி. நெற்றியிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து மணிக்கட்டு.

வெளியே தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு விளக்கினாள். கிட்னிக்கு மேல் தொப்பி மாதிரி ஆளுக்கு இரண்டு சுரப்பி. மனுஷன் பயந்தால், பட்டினி கிடந்தால், காயம்பட்டால், உடம்பு தாக்குப்பிடிக்க அதிலிருந்து ஒரு சத்து கொஞ்சமாகச் சுரக்கும். பங்கஜத்துக்கு இரண்டிலுமே சின்னச் சின்னக் கட்டி. அதனால் நிறுத்தாமல் சுரக்கிறது. எலும்பையும் தோலையும் அது கரைக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு, ஆயுசுக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும்.

"உங்கப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கணும். இது சில குடும்பத்துல ரத்தத்தோட வரும். உனக்கும் பாக்கணும். சொந்தத்துல எல்லாருக்கும் பாக்கணும்."

ராஜகோபால் சரி என்றான். அவனுக்குப் புரிந்தது ஒன்றுதான்: அக்காவின் உடம்பு ராப்பகலாக எதற்கோ பயந்துகொண்டே இருக்கிறது, எதற்கென்று அவளுக்கே தெரியாது. அந்தப் பயத்தை அவன் இப்போது அப்பா படத்தோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினான்.

புதுசாகக் கல்யாணமானவன் பயப்படுவதற்கு இதைவிட மோசமான காலம் கிடையாது. எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளையைப் பார்த்தால் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பொறாமை என்று அர்த்தமாகிவிடும். பூசினாப்ல ஆயிட்டியே என்பார்கள். முகம் தெளிஞ்சிருக்குது என்பார்கள். பஸ் ஸ்டாண்டில், பெட்டிக்கடையில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில்கூட. சலூனில் கன்னத்தைத் தட்டி, "இன்னா கோபாலு, கத்தி முன்ன மாதிரி குழியில வுழமாட்டேன்னுது" என்று சந்தோஷப்பட்டார்கள். அவன் பாதிச் சவரத்தில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான்.

அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தான். முகம் ஊதாமல் இருக்க வேண்டுமானால் முகத்துக்குப் போகிற சரக்கை நிறுத்த வேண்டும் என்பது அவன் கண்டுபிடிப்பு. சுந்தரி கேழ்வரகுக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காய் போட்டு, மேலே எண்ணெய் மிதக்க இறக்கி வைப்பாள். தெருமுனை வரைக்கும் மணக்கும். இவன் எலுமிச்சங்காய் அளவு களியைத் தொட்டு விழுங்கிவிட்டுக் கைகழுவுவான். ஏன் என்று கேட்டால் பசியில்லை. உப்பு அதிகமா, இல்லை. காரம் கம்மியா, இல்லை. எங்கேயாவது சாப்பிட்டு வந்தீர்களா என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்வியில் சாப்பாடு மட்டும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் என்ன சொல்வது? எங்கப்பா நோயில் செத்தார், எங்கக்காவுக்கு அதே நோய், எனக்கும் இருக்கலாம், கல்யாணத்துக்கு முன்னால் எனக்கே தெரியாது என்றா? குடியாத்தத்தில் நம்புவார்களா? தெரிந்தே பெண் கேட்டார்கள் என்பார்கள். அக்காவுக்குக் கிட்னிப் பக்கம் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

சுந்தரி மிச்சக் களியைத் தண்ணீரில் போட்டு வைத்தாள்.

ஷாப்பில் அவனுக்கு ஒரே தோஸ்த் நயீம் அகமது. டிரம்முக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு குரோம் என்று கணக்குப் பார்த்துப் போடுகிறவன். ஒரு மத்தியானம் அவன் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அம்மா அன்வரி பேகம் ராஜகோபாலுக்கென்று தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தாள். ராஜகோபால் வேண்டாம் என்றான். ஆம்பூரில் பிரியாணியை வேண்டாம் என்கிறவன் ஒன்று விரதத்தில் இருக்க வேண்டும், இல்லை வேறெதையோ மறைக்க வேண்டும். நயீம் பொட்டலத்தை ஓரமாக எடுத்து வைத்தான். டிரம் கதவைத் திறக்கப் போன ராஜகோபால், சூட்டில் கண் இருட்டி அப்படியே ஈரத் தோல் குவியல் மேல் சாய்ந்தபோது வந்து தூக்கினான்.

"இன்னாபா பேஜாரு உனக்கு? சொல்றியா, இல்ல உங்க வூட்ல போய்க் கேக்கட்டா?"

தோல் மேல் கிடந்தபடியே ராஜகோபால் எல்லாவற்றையும் சொன்னான். நயீம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தான்.

"டெஸ்ட் எடுத்துடு. இருந்தா இருக்குது, இல்லேன்னா இல்ல. இப்படி பட்டினி கெடந்து செத்தியானா எந்த நோயில செத்தேன்னு எழுதுவாங்க?"

டெஸ்ட் என்றால் ஒருநாள் முழுக்க மூத்திரத்தைப் பிடித்து, சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டில் செய்தால் சுந்தரிக்குத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. ராஜகோபால் வாட்ச்மேனை ஊருக்கு அனுப்பிவிட்டு, வியாழக்கிழமை வேலை முடிந்ததிலிருந்து மறுநாள் முடிய நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் சுத்தமான கேன் கொடுத்திருந்தார்கள். அது அக்கா கட்டிலுக்கு அடியிலேயே தங்கிவிட்டது. அதனாலென்ன, ஷாப்பில் கேனுக்குப் பஞ்சமா. நல்ல இறுக்கமான மூடியுள்ள வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தேடி எடுத்து, கிணற்று நீரில் மூன்று முறை அலசினான். ஷாப்பு ஆட்கள் அந்தக் கேன்களில்தான் வீட்டுக்குக் குடிதண்ணீரும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போவார்கள். யாரும் செத்ததில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் தோல் ஷாப்பு மாதிரி பயமான இடம் இல்லை. ஓடாத டிரம்கள். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை டக் டக்கென்று வெடித்தது. கயிற்றில் காய்கிற தோல்கள் காற்றில்லாமல் தொங்கின. ஆள் இல்லாத சட்டைகள் மாதிரி இருந்தன. அப்பா நின்ற கேட் அருகே அவன் போகவில்லை. மத்தியானத்தில் கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

உள்ளே பச்சையாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தான். இளம்பச்சை. டிரம்மிலிருந்து வெளியே வருகிற தோலின் நிறம். மனுஷ உடம்பிலிருந்து இந்த நிறம் வந்தால் உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும்? அப்பாவுக்குக்கூட இப்படி வந்ததாக யாரும் சொல்லவில்லை. உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தான். அக்காவுக்கு எலும்புதான் கரைந்தது. தனக்கு ரத்தமே கெட்டுவிட்டது என்று தீர்மானித்தான். சுந்தரிக்கு என்ன வயது, திரும்பக் கல்யாணம் செய்து கொடுப்பார்களா என்பதுவரை யோசித்து முடித்துவிட்டுத்தான் சனிக்கிழமை பஸ் ஏறினான்.

லேபில் கேனைத் திறந்து பார்த்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாய்யா இது, தோல் ஷாப்பையே கொண்டாந்துட்டியா? எதுல புடிச்ச?"

குரோம் கேன். எத்தனை முறை அலசினாலும் குரோம் போகாது. அது போகாமல் இருக்கத்தானே தோலுக்கே போடுகிறார்கள். இதைத் தினம் கையில் புழங்குகிறவனுக்கு, தன் மூத்திரம் என்று வந்ததும் மறந்துவிட்டது. லேப்காரன் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னான். ராஜகோபால் வெளியே வந்து வேப்பமரத்தடியில் தனியாகச் சிரித்தான். கொஞ்ச நேரம்தான். பச்சை இல்லை என்றுதான் தெரிந்திருக்கிறது. நோய் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அக்காவுக்குத் துணை இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக் கேனிலேயே மறுபடி பிடித்துக் கொடுத்தான். முடிவு வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டாள். அளவு கொஞ்சம் அதிகம் என்றாள். அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்றாள். இல்லை என்றான். தூக்கம்? இல்லை.

"பட்டினி கிடந்தாலும் இது ஏறும். பயந்தாலும் ஏறும். இப்போ இது நோயா, உன்னோட பயமான்னு என்னால சொல்ல முடியாது. ஒரு மாசம் நல்லா சாப்பிடு, பயப்படாம இரு. அப்புறம் வா. ராத்திரி ஒரு மாத்திரை கொடுத்து, காலையில ரத்தம் பாப்போம். நோய் இல்லேன்னா அளவு இறங்கிடும். இருந்தா இறங்காது."

பயப்படாமல் இரு என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதை எந்தக் கடையில் வாங்குவது? ஆனாலும் ராஜகோபால் சாப்பிட்டான். திடீரென்று தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் போடு என்றபோது சுந்தரி அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். குடியாத்தத்துக்கு அழைத்துப் போனாள். மாமியார் ஆட்டுக்கால் குழம்பு வைத்தாள், கோழி அடித்தாள், போகும்போது எண்ணெய் டின்னைத் தலையில் வைத்து அனுப்பினாள். அவனும் மருந்து குடிப்பதுபோல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினான். தள்ளினால் என்ன ஆகும்? கன்னம் வைத்தது. யாருக்கும்தான் வைக்கும். இது ஆட்டுக்காலா, அப்பாவா என்பதுதான் கேள்வி. கண்ணாடி முன்னால் நின்று விரலால் கன்னத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அப்பாதான் தெரிந்தார்.

அந்த மாதத்திலேயே சுந்தரிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அவள் வெட்கத்தோடு சொன்னபோது அவன் சிரித்தான். சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதுவரை பயம் அவன் அளவில் இருந்தது. இப்போது அதற்குப் பிள்ளை பிறக்கப் போகிறது.

பங்கஜத்துக்கு வைகாசியில் ஆபரேஷன் ஆயிற்று. பிழைப்பாளா என்பது சில நாள் நிச்சயமில்லாமல் இருந்தது. பிழைத்தாள். வற்றிப்போய், எழுந்து உட்கார்ந்தாலே தலைசுற்றி, வேளை தவறாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டு. முகம் மெதுவாக வடிய ஆரம்பித்திருந்தது. உள்ளேயிருந்து அவன் சின்ன வயதில் பார்த்த அக்கா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தாள். இரண்டாவது டெஸ்டுக்காக அவன் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"சுந்தரி கிட்ட சொன்னியாடா?"

"இல்ல."

"எப்ப சொல்லுவ?"

"தெரிஞ்சதும் சொல்றேன்க்கா. இல்லேன்னு வந்துட்டா எதுக்கு வீணா."

"இருக்குதுன்னு வந்தா?"

அவன் போர்வையை இழுத்து அவள் காலை மூடினான்.

"எனக்கு வந்தப்ப எல்லாரும் நல்லா இருக்கிற, நல்லா இருக்கிறன்னாங்க. எனக்குத் தெரியும்டா நல்லா இல்லேன்னு. படி ஏற முடியாது. கைபட்ட எடமெல்லாம் நீலமாப் பூக்கும். காரணமே இல்லாம அழுகை வரும். சொன்னா, கொழுப்புன்னுவாங்க. அப்பா கூட அப்படித்தான் இருந்திருப்பாரு இல்ல? வெள்ளைச் சட்டை போட்டு கேட்டாண்ட நிக்க வச்சுட்டாங்க. ஒரு நாளாவது யார்கிட்டயாவது சொல்லியிருப்பாரா, எனக்கு முடியலேன்னு?"

"தெரியல."

"சொல்லாதவங்க வூட்ல பொறந்துட்டோம். நீயாவது சொல்லிடு."

சரி என்றான். சொல்லத்தான் இல்லை. ராத்திரி மாத்திரை விழுங்கினான், காலையில் ரத்தம் கொடுத்தான், ஊருக்குப் போய் டிரம் ஓட்டினான். முடிவு சொல்லும் நாளில் அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

டாக்டரம்மா அவனை உட்காரச் சொன்னபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தியை நிற்க வைத்துக்கூடச் சொல்லலாம். அளவு இறங்கவில்லை என்றாள். உனக்கும் இருக்கிறது, ஆனால் ஆரம்பம்தான், அக்காவைப் போல முற்றும்வரை விடப்போவதில்லை, அடிக்கடி வந்து காட்ட வேண்டும், ஏறினால் உடனே எடுத்துவிடலாம் என்றாள். எலும்பு இன்னும் கெட்டியாக இருக்கிறது. இத்தனை சீக்கிரம் தெரிந்தது அதிர்ஷ்டம் என்றும் சொன்னாள். அவன் தலையாட்டினான். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். ஒரு கேள்வி தொண்டைவரை வந்தது. இல்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டான்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் சுந்தரி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர். நாத்தனாருக்குக் கஞ்சி கொண்டுவந்தவளை, அவன் டாக்டரம்மா அறையில் இருக்கிறான் போ என்று பங்கஜம்தான் அனுப்பியிருக்கிறாள்.

"இன்னா சொன்னாங்க?"

நின்றபடியே எனக்கும் இருக்குது என்றான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். முன்னது பின்னது மாறி, அப்பா, போட்டோ, பச்சைக் கேன், களி, எல்லாம் குழம்பி வந்தது.

"இதுக்கா சாப்புடாம இருந்தீங்க?"

"ஆமா."

"நான் வேற எங்கியோ சாப்புடுறீங்கன்னு நெனச்சு எங்கம்மா கிட்ட போய் அழுதேன். அவங்க அதுக்குத்தான் கோழி அடிச்சாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவனுக்கும் ஒரு நிமிஷம் இலேசாக இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. நின்றதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கை மெதுவாக இறங்கி வயிற்றின் மேல் வந்தது. இத்தனை நாள் கண்ணாடியில் அவன் பார்த்த அதே பயம் அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"புள்ளைக்கு?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"பயமா இருந்துச்சு."

அவள் டிபன் கேரியரை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து பதில் வருவதற்குள் தள்ளிக்கொண்டு போனாள். அவன் கேரியரோடு பின்னால் போய் நின்றான்.

டாக்டரம்மா உட்காரச் சொன்னாள். சுந்தரி உட்காரவில்லை. கேட்டாள்.

"பாதிக்குப் பாதி. வரலாம், வராமலும் போகலாம். இப்போ யாராலயும் சொல்ல முடியாது. வளர்ந்த பிறகு வருஷா வருஷம் காட்டணும். காட்டினா பயம் கம்மி. இவங்க அப்பாவுக்கு யாரும் காட்டல."

சுந்தரி அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது போல் நின்றாள். பிறகு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாகப் பிரிவினையில் தன் பங்கைக் கேட்கிறவள் குரலில் சொன்னாள்.

"அப்ப மீதிப் பாதி எங்க வூட்டுதுங்க, டாக்டரம்மா."

டாக்டரம்மா ஆமாம் என்றாள்.

சுந்தரி மேஜையைப் பிடித்திருந்த கையின் கண்ணாடி வளையல்கள் மரத்தில் பட்டுச் சின்னதாகச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன. ராஜகோபால் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தான். சத்தம் நிற்கவில்லை.